தொப்பிக்கு ரவை

எங்கள் வீட்டில் ரவைக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று உப்புமாவுக்கு, இன்னொன்று மிருதங்கத்துக்கு. மூன்றாவதாக ஓர் ஆள் இருக்கிறான். அவனுக்குக் கணக்கே கிடையாது, கிடைத்தபோது நக்கிக்கொள்வான்.

தஞ்சாவூர் கரந்தையில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. முன்கூடத்தில் என் தையல் மிஷின். கால் மிஷின்தான். மோட்டார் வைத்துக்கொள் என்று மினி பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை சொல்வார். காலில் இருக்கிற பிடி மோட்டாரில் இல்லை என்று நானும் வருஷத்துக்கு ஒருமுறை சொல்வேன். மிஷினுக்கு எதிரே ஒரு கோரைப்பாய். சாயங்காலம் 6 மணி ஆனால் அதில் பெரியவள் மிருதங்கத்தோடு உட்காருவாள். அவளுக்கு 12 வயது. பக்கத்தில் 8 வயதுச் சின்னவன், தாளம் போடுகிறேன் பேர்வழி என்று தொடையைச் சிவக்க வைத்துக்கொண்டிருப்பான். வாசற்படியில் நாய். அடுக்களையில் அத்தை, என் மாமியார், டிவியின் சத்தத்தை வேண்டாவெறுப்பாகக் குறைத்துவிட்டு வெங்காயம் உரிப்பார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. சினிமாப் பாட்டுகூடச் சுதியோடு வராது. அப்படிப்பட்டவள் வீட்டில் மிருதங்கம் எப்படி வளர்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் ரவை. மிருதங்கத்தின் கட்டை பலா மரம். இரண்டு முகம். வலது முகத்துக்கு வலந்தலை என்று பெயர், நடுவில் கறுப்பாக வட்டமாக இருக்கும். அதைச் சாதம் என்பார்கள். கல்லைப் பொடித்து, சோற்றோடு சேர்த்து மசித்து, மெல்லிசு மெல்லிசாகத் தடவித் தேய்த்து ஏற்றுகிற வேலை அது. செய்து கொடுத்தால் மாதக்கணக்கில் நிற்கும். இடது முகம் தொப்பி. அதில் நிரந்தரமாக எதுவும் கிடையாது. வாசிக்க உட்காரும்போதெல்லாம் தோலை ஈரப்படுத்தி, ரவையைத் தண்ணீரில் பிசைந்து எலுமிச்சங்காய் அளவு உருட்டி, நடுவில் அப்ப வேண்டும். ஏன்? தோலின் நடுவே எடை ஏறினால் அது நிதானமாக அதிரும், நிதானமாக அதிர்ந்தால் ஒலி கீழே இறங்கும். 'தொம்' என்று வயிற்றுக்குள் கேட்கிற அந்த நாதம் ரவையின் உபயம். கூடினால் மந்தமாகிவிடும், குறைந்தால் தகர டப்பா. வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் கெட்டுப்போகும். இப்போது சிலர் ரவைக்குப் பதில் ரப்பர் மாதிரி ஒரு பசையை ஒட்டிக்கொள்கிறார்கள். பெரியவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற சார் சம்மதிக்கவில்லை.

பெண்பிள்ளைக்கு மிருதங்கமா என்று கேட்காத சொந்தம் இல்லை. "பாட்டு சொல்லிக்குடு, வீணை சொல்லிக்குடு, பொண்ணு பாக்க வரும்போது பிரயோஜனப்படும்" என்றார் என் சித்தி. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் கற்றுக்கொண்டு, ரங்கநாயகி அம்மாள் போன நூற்றாண்டிலேயே மேடையேறி மிருதங்கம் வாசித்த ஜில்லாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் இந்தப் பேச்சு. அது எனக்கே பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் சித்திக்கு அப்போதே சொல்லியிருப்பேன்.

அதைவிடப் பெரிய சிக்கல், இவள் இடக்கைக்காரி. முதலில் போன இடத்தில், வலது கையால்தான் வலந்தலையை வாசிக்க வேண்டும், பழகினால் வந்துவிடும் என்றார்கள். மூன்று மாதம் பழகினாள். வரவில்லை, அழுகைதான் வந்தது. எழுதுகிற கையை மாற்றச் சொல்லி ஒன்றாம் வகுப்பில் யாரோ விரலில் தட்டியதும் இதே பிள்ளையைத்தான். நிறுத்திவிட்டேன். அரை வருஷம் மிருதங்கம் பரணில் கிடந்தது. பிறகு கிடைத்த சார், அவள் உட்கார்ந்ததைப் பார்த்த உடனே வாத்தியத்தைத் திருப்பி வைத்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கை வாசிப்புக்காரர் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். 1908இல் பிறந்து 1962இல் மறைந்தவர், மிருதங்கத்தில் பெரிய பெயர். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால், இடக்கைக்காரர் மேடையேறினால் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்காக அதைச் செய்ய வைத்தார் என்பதையும் சார் சொன்னார். அன்றைக்கு ராத்திரி பெரியவள் கண்ணாடி முன்னால் நின்று இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிருதங்கத்தில் முதல் பாடம் விரலுக்கு இல்லை, வாய்க்கு. 'த தி தொம் நம்' என்று சொல்லத் தெரிய வேண்டும். வாயில் வராத சொல் விரலில் வராது என்பது சாரின் விதி. இதனால் எனக்கு ஒரு லாபம். பிள்ளை என்ன வாசிக்கப் போகிறாள் என்பது தையல் போட்டுக்கொண்டே எனக்கு முன்கூட்டித் தெரிந்துவிடும். தெரிந்ததைச் சரியாக வாசித்தாளா என்று காது பார்த்துக்கொள்ளும்.

காது என்றேன். இருபது வருஷமாகக் கால் மிஷின் மிதிக்கிறவளுக்கு ஒரு காது உண்டு. ஊசி ஒரு தையலை விட்டால் துணியில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தத்தில் தெரியும். ஒருநாள் கையில் பிளவுஸ் கழுத்துப்பட்டியோடு, "நாலாவது சுத்துல ஒண்ணு விட்டுப்போச்சுடி" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" மறுபடி வாசித்தாள். விட்டுப்போயிருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு என்மேல் கொஞ்சம் பயம், எனக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை. பிள்ளை சாதகம் பண்ணும்போது பெற்றவர்களுக்கு ராகமும் தாளமும் தெரிந்திருக்க வேண்டும் என்று பயந்துகொண்டு ஒதுங்கிவிடுகிறோம். அல்லது எதிரே உட்கார்ந்து வெறித்துப் பார்த்து அவர்களைத் திணற வைக்கிறோம். நம் வேலையை நாம் அதே அறையில் பார்த்துக்கொண்டு, காதை மட்டும் அங்கே விட்டு வைத்தால் போதும். கைவேலை எதுவானாலும் சரி. கீரை ஆய்கிறவர்களுக்கும் காது சும்மாதானே இருக்கிறது.

நேரம் 40 நிமிஷம், அதற்கு மேல் விடுவதில்லை. முன்பு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என்று வைத்துப் பார்த்தோம். திங்கட்கிழமை கை வலி, சனிக்கிழமைக்குள் பாதி மறந்து போகும். தினசரி கொஞ்சம் என்று மாற்றியதும், நேற்று தடுக்கிய இடம் தூங்கி எழுந்தபின் தானாக வழிவிடுவதைப் பலமுறை பார்த்துவிட்டோம். அந்த 40 நிமிஷமும் 6 மணிக்கு என்று முடிவானது பக்கத்து வீட்டு அக்காவால். அவர்கள் வீட்டில் ராத்திரி ஷிஃப்ட் போகிறவர் தூங்கி எழுவது ஐந்தரைக்கு. "அதுக்கப்புறம் நீ தவிலே அடி, நான் கேட்கமாட்டேன்" என்றார்.

மிருதங்கம் வந்த பிறகு கணக்குப் பாடமும் பாய்க்கு வந்துவிட்டது. 'தகிட' என்றால் மூன்று, 'தகதிமி' என்றால் நான்கு, 'தகதகிட' ஐந்து. 'தகிட தகதிமி' ஏழு, 'தகதிமி தகதகிட' ஒன்பது. திச்ரம், சதுச்ரம், கண்டம், மிச்ரம், சங்கீர்ணம் என்று இவற்றுக்குப் பெயர். ஒருநாள் சின்னவன் தகிட, தகிட என்று சொல்லி ஒவ்வொரு 'த'வுக்கும் கை தட்ட, அவள் தகதிமி, தகதிமி என்று தட்டினாள். இரண்டு தட்டும் எப்போது ஒன்றாக விழும்? விரல் விட்டுப் பார்த்தான். 12 எண்ணிக்கை முடிந்து 13வதில். திரும்பத் திரும்ப அப்படியே. பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு என்று பின்னால் ஒரு பாடம் வரும், அப்போது அவன் பயப்படமாட்டான் என்று நினைக்கிறேன்.

என் பங்கும் இதில் உண்டு. ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் நாலு அட்சரம் வைத்தால் 32. ஒரு சொற்கட்டை மூன்று தடவை வாசித்துத் தாளத்தை முடிப்பதற்குத் தீர்மானம் என்று பெயர். மூன்று சொற்கட்டு, நடுவில் இரண்டு இடைவெளி, எல்லாம் சேர்ந்து 32. எப்படிப் பிரிப்பது என்று பெரியவள் நோட்டில் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். இது பாவாடை மடிப்பு! மூன்று மடிப்பு, நடுவில் இரண்டு இடம். 32 இஞ்சுத் துணியாக நினைத்துக்கொண்டு சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன். மடிப்புக்கு 10, இடைக்கு 1. பத்து, ஒன்று, பத்து, ஒன்று, பத்து. கூட்டினாள், சரியாக வந்தது. "அப்போ மடிப்பு 8ன்னா இடை 4" என்றாள் அடுத்த நொடியே. அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. சின்னவனுக்குத் தசம எண் வந்ததும் பிளவுஸ் பிட்டில்தான். 80 பாயிண்ட் என்றால் ஒரு மீட்டரில் 80 சென்டிமீட்டர் என்று கடைக்குப் போய் வந்தே தெரிந்துகொண்டான்.

வீட்டில் பாடம் என்பது நாங்கள் விரும்பித் தொடங்கியதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடம் மூடியபோது பெரியவள் ஒன்றாம் வகுப்பு. சின்ன வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஒன்றாம் வகுப்பில் வெளியே வந்தவள் மூன்றாம் வகுப்பில் உள்ளே போனாள். நடுவில் கல்வித் தொலைக்காட்சியும், நானும், அத்தை சொன்ன விடுகதைகளும்தான் பள்ளிக்கூடம். அந்த வருஷக் கடைசியில் அரசாங்கம் இல்லம் தேடிக் கல்வி என்று தொடங்கியதும் பிளஸ் டூ படித்த நானும் பெயர் கொடுத்தேன். மாதம் 1,000 ரூபாய், தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம். எங்கள் திண்ணையில் பதினெட்டுப் பிள்ளைகள். எழுத்து மறந்துபோன பிள்ளைகளைப் பார்த்தது அப்போதுதான். க, ங வரிசையைத் தரையில் கோலப்பொடியால் எழுதி ஆரம்பித்தோம்.

அந்தப் பதினெட்டுப் பேருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்த பத்தொன்பதாவது ஆள்தான் இந்த நாய். தெருவில் பிறந்த குட்டி. பிஸ்கட் கிடைக்கும் என்று வந்தது, வகுப்பு முடிந்தும் போகவில்லை. மிருதங்கத்தின் தொப்பியை நக்கிப் பிடிபட்ட அன்றைக்கே அதற்குத் தொப்பி என்று பெயர் வைத்தான் சின்னவன். கோயிலில் நாகஸ்வரம் கேட்டால் கழுத்தை நீட்டி ஊளையிடும், ஆம்புலன்ஸுக்கும் அப்படியே. மிருதங்கத்துக்கு மட்டும் அசந்து தூங்கும். என்ன காரணமோ, பெரியவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வெங்காயம் போட்ட சோறு நாய்க்கு ஆகாது என்று கால்நடை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிறகு வருஷா வருஷம் போடுகிறோம். அப்படியிருந்தும் ஒருமுறை ரவை உருண்டைக்கு நாயும் சின்னவனும் மல்லுக்கு நின்றதில் அவன் கையில் பல் பட்டு ரத்தம் வந்துவிட்டது. "வீட்டு நாய்தானே, மஞ்சள் வை" என்றார் அத்தை. மஞ்சளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவினேன். கடிகாரத்தைப் பார்த்துத்தான் கழுவினேன். உடனே அரசு ஆஸ்பத்திரி. அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று நாலு ஊசி. நாயை வைத்திருக்கிறவர்கள் இதில் சோம்பல்படவே கூடாது. வந்துவிட்டால் பிழைக்க வைக்க முடியாத நோய் அது.

இன்னொரு நாள் நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, சுரண்டாமல் விட்ட ரவைக்காக நாய் தொப்பித் தோலையே கடித்துக் கிழித்து வைத்திருந்தது. கிழிந்த தோலை மாற்றப் பத்துப் பிளவுஸ் கூலி போயிற்று. பெரியவள் நாயோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அதன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "தீர்மானம் சொல்லிக்குடுக்கிறேன்" என்றாள்.

பிள்ளைக்கு ஏதாவது வாத்தியம் கற்றுக்கொடுக்க ஆசையிருந்து, காசுக்குத் தயங்குகிறவர்கள் உங்கள் மாவட்டத்தில் ஜவகர் சிறுவர் மன்றம் எங்கே என்று விசாரியுங்கள். 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அரசு இசைப்பள்ளிகள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. உங்கள் பிள்ளை மிருதங்கம் எடுத்து, வீட்டில் நாயும் இருந்தால், வாசித்து முடித்த கையோடு ரவையைச் சுரண்டிவிட்டு, வாத்தியத்தை உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். ஸ்டூல் போதாது. ஏறிவிடும்.