பழைய குளிர்பதனப் பெட்டியை யார் எடுத்துச் செல்வது?

புதிய குளிர்பதனப் பெட்டி வீட்டிற்கு வரப்போகிறது. பழையதை என்ன செய்வது என்று யோசிக்கிறீர்களா? கடைக்காரரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். புதியதைக் கொண்டுவரும்போது, அதே வகைப் பழைய பொருளை இலவசமாக எடுத்துச் செல்வது கடையின் சட்டபூர்வக் கடமை.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின், மின்னணுக் கழிவு சேர்கிறது. ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் சுமார் 70 கைப்பேசிகளை வீசுவதற்கு இது சமம்.

முன்பெல்லாம் பொருளை விற்றதோடு நிறுவனத்தின் பொறுப்பு முடிந்துவிடும். 2021 ஜூலை 1 முதல் அப்படியில்லை. இத்தகைய பொருள்களைத் தயாரித்தோ இறக்குமதி செய்தோ இங்கு விற்கும் நிறுவனங்கள் தேசிய சுற்றுப்புற வாரியத்திடம் பதிந்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் விற்பவை, பழையவற்றைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் செலவையும் ஏற்க வேண்டும். 300 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள கடைகள் கைப்பேசி, மின்கலம், மின்விளக்கு போன்றவற்றைப் போட கடைக்குள்ளேயே பெட்டி வைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? பல பழைய குளிர்பதனப் பெட்டிகளில் ஆர்-134ஏ என்ற வாயு உள்ளது. செம்புக்காக யாராவது குழாயை வெட்டினால் அது காற்றில் கலந்துவிடும். அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகமாக அது புவியைச் சூடாக்கும். முறையான மறுசுழற்சி ஆலையில் முதலில் வாயுவை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகுதான் இரும்பு, செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் எனப் பிரிப்பார்கள்.

கைப்பேசியைக் குப்பையில் போட்டால் அது எரியாலைக்குப் போகும். அதிலுள்ள தங்கமும் செம்பும் வீணாகும். ஈயம் போன்ற கன உலோகங்கள் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பல் போய்ச் சேரும் செமாக்காவ் குப்பை நிரப்பிடமோ 2035 வாக்கில் நிரம்பிவிடும் என எதிர்பார்க்கப்படுகிறது.

சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தினாலும், தொடங்கி வைக்க வேண்டியவர் நீங்கள்தான். புதிய பொருளுக்குச் சொல்லும்போதே பழையதையும் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். கைப்பேசியைப் பெட்டியில் போடுமுன் அதிலுள்ள தகவல்களை அழித்துவிடுங்கள். லித்தியம் மின்கலத்தின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டுங்கள். முனைகள் உலோகத்தில் உரசினால் தீப்பிடிக்கலாம். உப்பிப்போன மின்கலத்தைப் பெட்டியில் போடவே கூடாது.

மறுசுழற்சிச் செலவை நிறுவனங்கள் ஏற்கின்றன. உங்கள் இழுப்பறையில் தூங்கும் பழைய கைப்பேசியை எடுத்துக் கொடுக்க உங்களால் மட்டுமே முடியும்.