ஓரிருவருக்கு வந்தபோதே

நமது சங்க உறுப்பினர்களில் பலர் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்சாலை கேண்டீன்களுக்கும் விடுதிகளுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்பி வருகிறோம். சரக்கை இறக்கி, பில்லில் கையெழுத்து வாங்கியதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அப்படி இருக்கலாமா என்று 2021 டிசம்பரில் நடந்ததை வைத்து யோசிக்க வேண்டியுள்ளது.

பாக்ஸ்கான் ஐபோன் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. சுமார் 17,000 பேர் வேலை செய்த ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் மீண்டும் திறந்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை மூடினால் நம் கல்லாவும் காலி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் நம் மனதில் தைத்தது வேறு. முன்பும் ஓரிருவருக்கு இப்படி வந்ததுண்டு, சரிசெய்துவிடுவார்கள் என்று நம்பி யாரும் பெரிதுபடுத்தவில்லை என்று அங்கே வேலை பார்த்த பெண் ஒருவர் செய்தியாளர்களிடம் கூறினார். அந்த ஓரிருவருக்கு வந்தபோதே அரிசியை, தண்ணீரை, பாத்திரத்தைப் பார்த்திருந்தால்?

நம் குடோன்களில் மட்டும் என்ன வாழ்கிறது? சென்ற ஆண்டு நம்மவர் ஒருவரின் குடோனில் பருப்பு மூட்டை அடுக்கு சரிந்து, சுமைதூக்கும் தொழிலாளிக்குக் கால் எலும்பு முறிந்தது. விசாரித்தால், முந்தின வாரமே அதே மூலையில் இரண்டு மூட்டைகள் விழுந்திருக்கின்றன. அடிப்பலகை இறங்கியிருந்ததைக் கடைப்பையன் பார்த்திருக்கிறான்.

"ஏண்டா சொல்லலை?"

"சொன்னா, நான்தான் சரியா அடுக்கலைன்னு திட்டுவீங்க முதலாளி."

நண்பருக்குப் பதில் வரவில்லை. நமக்கும்தான்.

இப்போது அவர் குடோன் வாசலில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். சரிந்தது, கசிந்தது, கெட்டது எதுவானாலும் எழுதலாம். எழுத வராதவர் சொன்னால் கணக்குப்பிள்ளை எழுதுவார். திட்டு கிடையாது, கூலிப் பிடித்தமும் கிடையாது. முதல் மாதமே ஆறு பதிவுகள். எலி கடித்த சாக்கு, ஈரமான சுவர்... ஆறாவது, பூச்சிமருந்து டப்பாக்களோடு ஒரே டெம்போவில் ஏறிய அரிசி. அது அன்று காலைதான் ஒரு விடுதிக்குப் போயிருந்தது. அடுப்பில் ஏறுமுன் போன் செய்து, மாலைக்குள் மூட்டைகளைத் திரும்ப எடுத்து வந்தார். வண்டி வாடகை இரண்டு தடவையும் அவர் தலையில்தான். மறுவாரம் அந்த விடுதி மேலாளர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "அந்த நோட்டு எங்கே வாங்கினீங்க?"