பாவனைப் பறப்பும் மெய்ப் பறப்பும்

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் மயிற்பொறி ஒன்று வருகின்றது. தேவி கண்ட கனவால் தனக்கு நேரவிருக்கும் கேட்டை உணர்ந்த சச்சந்தன், அவள் தப்பிச் செல்வதற்கென அதனைச் செய்வித்தான். பொறியை வலமாகத் திரித்தால் மயில் மேலெழும். இடமாகத் திரித்தால் கீழிறங்கும். கட்டியங்காரனின் படை சூழ்ந்த நாளில் விசயை அதன்மீது ஏறிச் சென்று உயிர் பிழைத்தாள். இக்கதையைப் படிப்போர் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. இடர் வருமுன்னரே விசயை அப்பொறியைச் செலுத்தப் பழகியிருந்தாள். பழக்கம் முன், பறப்புப் பின் என்னும் முறையைத் திருத்தக்கதேவர் மறவாது அமைத்துள்ளார்.

இன்றைய விமானம் ஒரே திருகால் இயங்குவதன்று. கைக்குச் சுக்கானும், காலுக்கு மிதிகளும், கண்ணுக்குப் பல கருவிகளும், செவிக்கு வானொலியும் அதில் ஒருங்கே உள்ளன. ஆதலின் முன்பழக்கத்தின் தேவை மிகுந்துள்ளது. அப்பழக்கத்தின் ஒரு பகுதி இன்று வீட்டுக் கணினிக்குள் வந்து சேர்ந்திருக்கின்றது. பறத்தலைப் பாவனை செய்து காட்டும் மென்பொருளைச் சிமுலேட்டர் என்று வழங்குவர்.

பெட்டாலிங் ஜெயாவுக்கு இப்பொருள் அயலானதன்று. நகரின் மேற்கே சுபாங் விமான நிலையம் இருக்கின்றது. சுங்கை பீசியிலிருந்த பழைய நிலையத்துக்குப் பதிலாக 1965ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அது, 1998இல் சிப்பாங்கில் புதிய நிலையம் எழும்வரை நாட்டின் தலைவாயிலாக விளங்கியது. 2007 முதல் சுழல்விசிறி விமானங்கள் அங்கிருந்து பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. 2024 ஆகஸ்டில் ஜெட் விமானங்களும் மீண்டும் வரத் தொடங்கின. விமான ஒலியைக் கேட்டு வளரும் பிள்ளை, சுபாங் ஓடுபாதையைத் தன் கணினித் திரையில் தேடுவது இயல்பே. அப்போது பெற்றோரும் ஆசிரியரும் கேட்கும் வினா இரண்டு: எந்த மென்பொருள் உண்மைக்கு நெருங்கியது? எது கையாள எளியது? இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையென்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் ஆராயத்தக்கது.

மெய்ம்மை மூவகை

மெய்ம்மை என்பது ஒரு பொருளன்று. பாவனைப் பறப்பில் அது மூவகைப்படும். நிலமும் கடலும் முகிலும் கட்டடமும் கண்ணுக்கு உள்ளவாறே தோன்றுதல் காட்சி மெய்ம்மை. சுக்கானைத் திருப்பும்போது விமானம் மெய்யான விமானம் போன்றே சாய்தலும், வேகம் குறைந்தால் ஏந்துவிசை இழந்து விழுதலும் இயக்க மெய்ம்மை. புறப்படுமுன் பார்க்கவேண்டியவற்றை வரிசையாகப் பார்த்தல், நிலையத்தாரிடம் அனுமதி கேட்டல், கேட்டதைத் திருப்பிச் சொல்லல் ஆகியன நடைமுறை மெய்ம்மை.

இவற்றுள் எது முதன்மையானது என்பதற்கு வரலாறே விடை தருகின்றது. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் இசைக்கருவித் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பார், 1929இல் ஒரு பயிற்சிப் பொறியைச் செய்து முடித்தார். ஆர்கன் வாத்தியத்துக்குக் காற்றூட்டும் துருத்திகளே அதனைச் சாய்த்தும் திருப்பியும் ஆட்டின. அது சிறகு குட்டையான ஒரு மரப்பெட்டி. மூடியைச் சாத்தினால் உள்ளிருப்பவருக்கு வெளியே ஒன்றும் தோன்றாது. கருவிகளின் முள்கள் மட்டுமே தெரியும். காட்சி மெய்ம்மை அதில் இல்லை. ஆயினும், 1934இல் அஞ்சல் சுமந்து சென்ற அமெரிக்கப் படை விமானிகள் பலர் பனியிலும் இருளிலும் வழிதெரியாது மாண்டபோது, அப்படை நாடியது அந்தப் பெட்டியைத்தான். முகிலுக்குள் கண்ணை நம்பாது கருவியை நம்பும் பழக்கத்தை அது தந்தது. வேண்டிய மெய்ம்மை ஒன்று அதில் இருந்தது, வேண்டாதவை இல்லை. இரண்டாம் உலகப்போரில் இலட்சக்கணக்கானோர் அதில் பயின்றனர்.

மூன்று மென்பொருள்கள்

இவ்வளவுகோலைக் கொண்டு இன்று வீடுகளில் வழங்கும் மென்பொருள்களுள் மூன்றை ஒப்பிடலாம்.

முதலாவது மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பயின்ற புரூஸ் ஆர்ட்விக் என்பாரின் ஆய்விலிருந்து கிளைத்து, 1982இல் இப்பெயருடன் வெளிவந்தது. 2020இல் பிரான்சின் அசோபோ நிறுவனத்தார் அதனைப் புதிதாக ஆக்கினர். 2024இல் அடுத்த பதிப்பு வந்தது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் அது வரைந்து காட்டுகின்றது. அப்போதைய வானிலையையும் இணையத்தின் வழி கொணர்கின்றது. காட்சி மெய்ம்மையில் அதற்கு நிகரானது அரிது. அதன் விலை, விரைவான இணையமும் ஆற்றல் மிக்க கணினியும் ஆகும்.

இரண்டாவது எக்ஸ்-பிளேன். ஆஸ்டின் மேயர் என்பார் 1990களின் நடுவில் தோற்றுவித்தது. சிறகையும் சுழல்விசிறியையும் சிறுசிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று செலுத்தும் விசையை நொடிக்குப் பலமுறை கணக்கிட்டு, அவற்றின் கூட்டாகவே விமானத்தின் அசைவைப் பெறுவது இதன் முறை. பயனாளர் தாமே ஒரு விமானத்தை வடிவமைத்துப் பறக்கவிட்டுப் பார்க்கவும் இதில் இடமுண்டு. இயக்க மெய்ம்மையை முதலாகக் கொண்டது இது. ஆயினும் இதன் பழைய பதிப்புகளில் பட்டியலுக்குள் பட்டியலாக விருப்பங்கள் மறைந்து கிடந்தன, கற்போர் இடர்ப்பட்டனர். 2017இல் வந்த 11ஆம் பதிப்பில் முகப்பு முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது. அதனால் பறப்பின் கணக்கில் ஒரு குறையும் நேரவில்லை. மெய்ம்மையும் எளிமையும் பகையல்ல என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவது பிளைட்கியர். 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆர்வலர் பலர் ஒன்றுகூடி வளர்த்துவரும் இது விலையின்றிக் கிடைக்கின்றது. அதன் நிரல் முழுவதையும் எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் அமைப்புகளைச் சீர்செய்யப் பொறுமை வேண்டும். விமானத்துக்கு விமானம் தரம் வேறுபடும். பள்ளிக் கணினிக் கழகங்களுக்கு இது ஒரு நற்பேறு எனலாம். பறப்பதோடு, பறப்பைக் கணக்கிடுவது எங்ஙனம் என்பதையும் மாணவர் இதில் காணலாம்.

எளிமை இருவகை

எளிமையும் ஒன்றன்று. கருவியை எளிதாக்குதல் ஒன்று. கலையையே குறைத்தல் மற்றொன்று. பொத்தான் எங்கே என்று தேடவிடாமை முதல்வகை. அது நன்று. கற்பவர் செய்யவேண்டிய முடிவை மென்பொருளே செய்துவிடுதல் இரண்டாம் வகை. அதனை விழிப்புடன் ஏற்றல் வேண்டும்.

இதற்குச் சிறு காட்டு ஒன்று. செஸ்னா 172 என்னும் நால்வர் அமரும் விமானம் மேற்கூறிய மூன்றிலும் உள்ளது. அதன் சுழல்விசிறி, விமானி இருக்கையிலிருந்து நோக்க வலஞ்சுழியாகச் சுழல்வது. புறப்பாட்டில் முழு ஆற்றலைக் கொடுத்தவுடன் மூக்கு இடப்பக்கம் இழுபடும். விமானி வலக்கால் மிதியை அழுத்தி அதனை நேர்நிறுத்துவார். காலுக்கு மிதி இல்லாத வீட்டில் இது அரிது. ஆகவே மிதியின் வேலையை மென்பொருள் தானே செய்யும் வசதி வைக்கப்பட்டுள்ளது. முதல்நாள் கற்பவர்க்கு அது துணை; நேராகச் செல்லவும் திரும்பவும் அவர் அஞ்சாது பழகலாம். ஆயின் ஓராண்டு சென்றும் அவ்வசதியை நீக்காதவர், விமானத்துக்கு மிதியொன்று உண்டென்பதையே அறியாமல் போவார். மெய் விமானத்தில் ஏறிய நாளில் அவருடைய கால்கள் உறங்கிக் கிடக்கும். எளிமை தீதன்று, நீங்காத எளிமையே தீது. மைக்ரோசாப்ட் மென்பொருளில் உதவிகளை முழுமையாகவோ நடுத்தரமாகவோ வைத்துக்கொள்ளவும், அறவே நீக்கவும் படிநிலைகள் உள்ளன. அப்படிகளில் ஏறுவதே கற்றல்.

கலையைக் குறைப்பதால் மக்கள் திரள்வர் என்னும் கணக்கும் எப்போதும் பலிப்பதில்லை. 2009இல் தன் பழைய சிமுலேட்டர்க் குழுவைக் கலைத்த மைக்ரோசாப்ட், 2012இல் ‘பிளைட்’ என்னும் எளிய விளையாட்டை விலையின்றி வெளியிட்டது. ஹவாய்த் தீவே அதன் முதல் உலகம். பழைய பயனாளர் அதில் நிறைவு காணவில்லை. சில திங்களிலேயே, அவ்வாண்டு ஜூலையில், அதன் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டது. எட்டாண்டு கழித்து உலகம் முழுவதும் உள்ளடக்கிய சிமுலேட்டராகவே அந்நிறுவனம் மீண்டு வந்தது.

பூச்சோங் குன்று

எந்த எளிமை இடர் தரும் என்பதைப் பெட்டாலிங் ஜெயாவுக்கு அருகே நிகழ்ந்த துயரம் ஒன்று காட்டுகின்றது. 1989 பிப்ரவரி 19ஆம் நாள், பிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் சிங்கப்பூரிலிருந்து சுபாங்கின் 33ஆம் எண் ஓடுபாதையை நோக்கி வந்துகொண்டிருந்தது. 2,400 அடிக்கு இறங்குமாறு நிலையத்தார் பணித்தனர். எண்களைத் தனித்தனியே ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்றனர். ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணும், ‘வரை’ என்னும் பொருள்தரும் இடைச்சொல்லும் செவிக்கு ஒன்றே. தமிழில் எழுதினாலும் இரண்டும் ‘டூ’ என்றே அமையும். கேட்டவர் ‘400 அடி வரை’ என்று கொண்டார். அவ்வாறே திருப்பியும் சொன்னார். அத்திருப்பம் திருத்தப்படவில்லை. தரை நெருங்குவதாகக் கருவி மீண்டும் மீண்டும் எச்சரித்தும் இறக்கம் தொடர்ந்தது. பூச்சோங் அருகே கடல்மட்டத்துக்கு 437 அடி உயரத்தில் குன்றில் மோதி விமானம் அழிந்தது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர்.

இலக்கணம் பயிற்றுவோர்க்கு இஃது அரிய பாடம். ஒலி ஒத்துப் பொருள் வேறுபடும் ஒரு சொல், நான்கு உயிர்களைக் கொண்டு போயிற்று. இனி, இந்நிகழ்ச்சியை வீட்டுச் சிமுலேட்டரோடு பொருத்தி நோக்குக. அதனுடன் இயல்பாக வரும் வானொலி உரையாடலில், விமானி பேசுவதில்லை. திரையில் தோன்றும் விடைப் பட்டியலில் ஒன்றைத் தெரிவு செய்கின்றார். நிலையத்தாரின் பணிப்பும் எழுத்தில் தோன்றுகின்றது. கையாள்வதற்கு இது மிக எளிது. ஆனால் பிழைபடக் கேட்கும் வாய்ப்பே அங்கில்லை. ஆதலின் சரியாகக் கேட்கும் பயிற்சியும் இல்லை. முகில் எத்துணை அழகாகத் தோன்றினும், இக்குறையை அக்காட்சி ஈடுசெய்யாது. 2001இல் தொடங்கிய வாட்சிம் என்னும் இணைய வலையில், ஆர்வலர் சிலர் நிலையத்தாராகவும் சிலர் விமானியராகவும் இருந்து வாய்மொழியாகவே உரையாடுகின்றனர். கூச்சமும் தடுமாற்றமும் அங்கு உண்டு. நடைமுறை மெய்ம்மையும் அங்குத்தான் உண்டு.

வேறொரு பயனும் வீட்டுப் பயிற்சியால் விளையும். ஓடுபாதையை நோக்கி வழக்கமாக 3 பாகைச் சரிவில் இறங்குவர். ஒரு கடல்மைலுக்கு ஏறத்தாழ 320 அடி இறக்கம் என்பது இதன் கணக்கு. சுபாங் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 90 அடி உயரத்தில் உள்ளது. ஆகவே இறங்குமிடத்துக்கு ஒரு கடல்மைல் முன்னே உயரமானி ஏறத்தாழ 400 அடி காட்டவேண்டும். ஏழு கடல்மைல் முன்னே 2,300 அடிக்கு மேல் காட்டவேண்டும். திரையில் பத்துமுறை இவ்வாறு இறங்கிப் பார்த்த மாணவருக்கு, தொலைவில் வரும்போதே ‘400 அடி’ என்னும் சொல் செவியில் உறுத்தும். உறுத்தினால் வினவுவார். வினவுவதே காப்பு. இக்கணக்கைப் பயில விலையுயர்ந்த கணினி வேண்டா. பழைய பதிப்பும் எளிய கைப்பிடியும் போதும்.

மணலில் எழுதிய எழுத்து

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னரே எழுத்தாணியும் ஓலையும் கைக்கு வந்தன. மணல் ஓலையைப் போன்றதன்று. எழுத்தாணியின் அழுத்தத்தை அது கற்பிக்காது. ஆனால் எழுத்தின் வடிவத்தை அது கற்பித்தது. தவறினால் துடைத்து மீண்டும் எழுதலாம். வடிவம் கைக்கு வந்தபின் அழுத்தம் கற்றல் எளிதாயிற்று.

வீட்டுச் சிமுலேட்டர் அத்தகைய மணல். திருப்பத்தில் உடல் இருக்கையில் அழுந்துவதையும், காற்றின் எதிர்ப்பைச் சுக்கான் கைக்கு உணர்த்துவதையும் அது தாராது. விமான நிறுவனங்கள் ஆறு திசையிலும் அசையும் பெரும்பொறிகளைப் பயிற்சிக்கு வைத்திருப்பதும், வீட்டில் பறந்த நேரம் உரிமத்துக்குரிய பறப்பு நேரமாகக் கொள்ளப்படாமையும் இதனாலேயே. மணலிலேயே நின்றுவிடுவோர்க்கு வேறொரு தீமையும் உண்டு. வெளியே அடிவானத்தை நோக்கிப் பறக்கவேண்டிய தெளிந்த வானிலையிலும் கருவிகளையே உற்றுநோக்கும் பழக்கம் படிந்துவிடும். அதனை நீக்குவது ஆசானுக்குக் கூடுதல் வேலை.

ஆதலின் ஒரு மென்பொருளைத் தெரிவு செய்வோர், எது மிக மெய்யானது, எது மிக எளியது என்று வினவுவதினும், இன்று கற்கவேண்டியது யாது என்று வினவுதல் தகும். ஊரையும் மலையையும் வானிலிருந்து கண்டு ஆவல் கொள்ளுதல் நோக்கமாயின் காட்சி மெய்ம்மை சிறந்தது வேண்டும். விமானம் ஏன் பறக்கின்றது என்று அறிதல் நோக்கமாயின் இயக்க மெய்ம்மை வேண்டும். விமானியாதல் நோக்கமாயின் நடைமுறை மெய்ம்மை முதலில் வேண்டும். உதவிகளை ஒவ்வொன்றாக நீக்கிச் செல்லும் துணிவும் வேண்டும். கற்பவரின் கையிலிருந்து சுமையை இறக்கும் எளிமை வரவேற்கத்தக்கது. அவருடைய சிந்தனையிலிருந்து பொறுப்பை இறக்கும் எளிமை விலக்கத்தக்கது. விசயை பழகியது ஒரே ஒரு திருகுதான். ஆனால் அதனைத் தன் கையாலேயே பழகினாள்.