நட்பும் ஆயுதமும்

நெகிரி செம்பிலான் தோட்டப்புற மக்களுக்குக் கத்தி புதிய பொருளன்று. பால்மரம் சீவ உளி, செம்பனைக் குலை அறுக்க அரிவாள், புதர் வெட்டப் பாராங் என அஃது அவர்களுடைய உழைப்போடு இணைந்திருந்தது. ஆனால், பதின்ம வயது மாணவன் ஒருவன் கத்தியைப் பள்ளிப்பையில் மறைத்துச் செல்லும்போது, கருவி ஆயுதமாகிறது. இம்மாற்றத்தில் நண்பர் வட்டத்துக்குப் பெரும் பங்குண்டு.

மிரட்டலுக்கு ஆளான மாணவன் ஒருவன், தற்காப்புக்கெனக் கத்தி வைத்துக்கொள்கிறான் எனக் கொள்வோம். அதைக் கண்ட நண்பனும் தனக்கொன்று வேண்டும் என எண்ணுகிறான். செய்தி எதிர்த்தரப்பை எட்டியதும் அவர்களும் ஆயுதம் தேடுகின்றனர். அனைவரும் பாதுகாப்பையே நாடினாலும், முடிவில் எவருக்கும் பாதுகாப்பு இல்லை. கைகலப்போடு முடிந்திருக்க வேண்டிய சச்சரவு உயிரைப் பறித்துவிடலாம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏறத்தாழ 6,000 பதின்ம வயதினரின் நட்புத் தொடர்புகளை ஆராய்ந்தனர். நண்பன் ஆயுதம் காட்டி மிரட்டியவனாக இருந்தால், ஒருவர் அவ்வாறே செய்திருக்கும் வாய்ப்பு 140 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நண்பனின் நண்பர்கள் வரையிலும் இத்தொடர்பு நீண்டது. ஒத்த இயல்புடையோர் நண்பர்களாவதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

நம் நாட்டில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, குடும்பங்கள் சிரம்பான், நீலாய் போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. லயன் வீடுகளில் பிள்ளைகளைக் கண்காணித்த அண்டை அயலார் சிதறினர். பெற்றோர் வேலைக்குச் சென்ற வேளையில், நண்பர்களே பல பிள்ளைகளுக்குத் துணையாயினர். அத்துணை தவறானதாக அமைந்தால், அது குண்டர் கும்பலுக்கு வழிகாட்டிவிடும். 2013ஆம் ஆண்டு உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என அறிவித்தது.

தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் ஏந்துவது, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். அதற்கு 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் பிரம்படியும் விதிக்கப்படலாம். 18 வயதுக்குட்பட்டோர் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவர். “நண்பனுக்காகத்தான் வைத்திருந்தேன்” என்பது தக்க காரணமாகாது.

தீயது பரவும் அதே வழியில் நல்லதும் பரவும். “அதை வீட்டில் வைத்துவிட்டு வா” என ஒருவன் துணிந்து சொன்னால், தயங்கி நிற்கும் மற்றவர்களும் அவன் பக்கம் சேர்வர். மிரட்டலைப் பற்றிப் பெற்றோரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ கூறுவது நண்பனைக் காட்டிக்கொடுப்பதாகாது. அவன் உயிரைக் காப்பதாகும். 15999 எனும் தாலியான் காசே தொலைபேசிச் சேவையையும் நாடலாம்.