சாவா மூவா ஆடு எங்கே? சோழர் கேமில் என்னென்ன மாறணும்?

திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி கொஞ்சம் நடந்தால் தியாகராஜர் கோயில். உள்ளே ஆதிபுரீஸ்வரர் சன்னதியின் கருங்கல் விமானம் முதலாம் ராஜேந்திரன் காலத்தது. கட்டிய தச்சர் பெயர் ரவி என்பதுகூட கல்வெட்டில் இருக்கு. அந்தச் சோழர்கள் இப்போ ஒரு வீடியோ கேமிலும் இருக்காங்க.

என்ன கேம்?

2025 பிப்ரவரி 11-ல் வெளியான 'சிவிலைசேஷன் 7'. 1991-ல் சிட் மெயர் தொடங்கிவைத்த வரிசை. ஆடு புலி ஆட்டம் மாதிரி முறை வைத்து காய் நகர்த்தணும். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என வணிகக் குழுக்களின் பெயர்கள் வரை கொண்டுவந்திருப்பதைப் பார்த்தால், மெனக்கெட்டுத்தான் செய்திருக்காங்க.

அப்புறம் என்ன குறை?

முதல் குறை உலகம் முழுக்கச் சொன்னதுதான்: கேம் வெளியானபோது யுகம் மாறினால் அரசும் மாறவேண்டியிருந்தது. சோழராக ஆடிக்கொண்டிருந்தவர் அடுத்த யுகத்தில் முகலாயராக முடிந்தது, சோழராகத் தொடர முடியவில்லை. ஒரே அரசோடு தொடரும் வசதியைச் சோதிப்பதாக, தயாரிப்பாளரான ஃபிராக்சிஸ் 2025-லேயே சொல்லிவிட்டது.

எனக்கு உறுத்துவது கோயில். கேமில் கோயில் கட்டினால் மகிழ்ச்சிப் புள்ளி கிடைக்கும். நிஜத்தில் அது ஊரின் வங்கி. ஒருவர் நந்தா விளக்குக்கு 90 ஆடு (சில ஊர்களில் 96) கொடுப்பார். இடையர் அதை மேய்த்து தினம் ஒரு உழக்கு நெய் அளக்கணும். கிழடு போனால் குட்டி நிரப்பும், கணக்கு குறையாது. கல்வெட்டு மொழியில் 'சாவா மூவாப் பேராடு'. ஒருமுறை முதலீடு, ஆட்டம் முடியும்வரை வட்டி! இதைவிட நல்ல கேம் விதி யாருக்குத் தோணும்?

கடல்?

கேமில் கப்பல் எந்தத் திசைக்கும் ஒரே வேகத்தில் போகும். 1025-ல் கடாரம் போன படைக்கு அந்த வசதி இல்லை; போகவும் வரவும் காற்று மாறணும். 'ஒரு நகர்வுக்கே பல வருஷம் ஓடுதே, பருவக்காற்றை எங்கே வைப்பது?' என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் காத்திருப்பை வைக்கலாமே? காற்று திரும்பும்வரை வணிகர் அக்கரையில் தங்கணும், அதற்கு அங்கே ஒரு குடியிருப்பு வேணும். சுமத்ராவின் பாருஸில் 1088-ல் ஐந்நூற்றுவர் தமிழில் கல்வெட்டு வைத்தது இப்படித் தங்கிய ஊரில்தான்.

இன்னொன்று: கேம் வெளியானபோது சோழ மன்னர் யாரும் தலைவர் பட்டியலில் இல்லை. அசோகரையோ வேறு தலைவரையோ வைத்துத்தான் சோழநாட்டை ஆள வேண்டியிருந்தது. மெனுவிலும் தமிழ் கிடையாது.