வெடிச் சத்தம் பாம்புக்குக் கேட்குமா?

சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெட்டவெளி விட்டிருப்பார்கள். ஒன்றில் பிடித்த தீ இன்னொன்றுக்குத் தாவக் கூடாது என்பதற்காக வெடிபொருள் விதிகள் கேட்கும் இடைவெளி அது. நாலு மழை பெய்தால் அங்கே புல் மண்டும். எலி வரும், ஓணான் வரும், பின்னாலேயே பாம்பும் வரும். வெடிச் சத்தத்துக்குப் பயந்து பாம்பு ஓடாதா என்று கேட்டால், ‘அதுக்குத்தான் காதே கிடையாதே’ என்பார்கள். பாதிதான் சரி.

வேலியோரம் பாம்புச் சட்டை கிடந்தால் அதன் தலைப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூக்குத் துளைகள் தெரியும். கண் இருந்த இடத்தில் ஓட்டை இராது. கண்ணாடித் தாள் போல வட்டமாக ஒரு மூடி இருக்கும். இமை இல்லாத பாம்புக்குக் கண்ணைக் காப்பது அந்தச் செதில்தான். சட்டையோடு அதுவும் கழன்றுவிடுகிறது. காதுத் துளையை மட்டும் எவ்வளவு தேடினாலும் காண முடியாது. அதே வேலியில் தலையாட்டும் ஓணானுக்கோ கண்ணுக்குப் பின்னால் செவிப்பறை வட்டமாகத் தெரியும்.

வெளிக்காதும் செவிப்பறையும் இல்லையே தவிர, பாம்புக்கு உட்செவி உண்டு. அதற்கு ஒலி போகிற வழிதான் விசித்திரம்: தாடை வழியாகப் போகிறது. கீழ்த்தாடையை மண்டையோட்டோடு பிணைப்பது குவாட்ரேட் என்ற எலும்பு. காலுமெல்லா என்ற மெல்லிய எலும்பு ஒரு முனையால் அதையும் மறுமுனையால் உட்செவியையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. தரையில் படிந்த தாடை அதிர்ந்தால் அதிர்வு இந்த வழியே ஏறிவிடும். எலியை முழுசாக விழுங்கும்போது வாய் அவ்வளவு அகலமாகத் திறப்பதும் நன்றாக அசைந்து கொடுக்கும் இந்தக் குவாட்ரேட்டின் தயவில்தான். இடது, வலது கீழ்த்தாடைகள் முன்பக்கம் எலும்பாக ஒட்டாமல் தசைநாரால் மட்டும் இணைந்திருப்பதும் ஒரு காரணம். தாடை கழன்றுகொள்கிறது என்பது வெறும் கதை.

நம் காதிலும் இந்தக் குவாட்ரேட் இருக்கிறது. 1837-இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ரெய்ஷர்ட், கருக்களை ஆராய்ந்து, பாலூட்டிகளின் நடுச்செவியில் உள்ள பட்டடை எலும்பும் ஊர்வனவற்றின் குவாட்ரேட்டும் ஒன்றே என்று காட்டினார். நமக்குக் காதுக்குள் போய்ச் சுருங்கிவிட்டது. பாம்புக்கு இன்னும் தாடையிலேயே வேலை பார்க்கிறது.

தரை அதிர்வு மட்டும்தானா, காற்றில் வரும் ஒலியும் கேட்குமா என்பது நெடுநாள் சண்டை. 2012-இல் டென்மார்க்கில் பந்து மலைப்பாம்புகளைச் சோதித்தபோது, காற்றொலி மண்டையோட்டையே அதிரவைப்பதும், 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான கட்டைக் குரல் ஒலிகள் அவற்றுக்கு நன்றாக எட்டுவதும் தெரிந்தன. 2023-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 19 பாம்புகளுக்கு ஒலியைப் போட்டுக் காட்டினார்கள். தைப்பான் போன்றவை விலகிப் போக, வோமா மலைப்பாம்பு மட்டும் ஒலியை நோக்கி வந்தது. நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறோம். பாம்புக்குச் சில நூறைத் தாண்டினாலே மங்கிவிடும். ஆகவே பெரிய வெடி வெடித்துத் தரை ‘திம்’மென்று அதிர்ந்தால் பாம்புக்குத் தெரியாமல் போகாது. சட்டப்படி 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாத வெடி, நம் காதுக்கு எப்படி என்று சொல்லவே வேண்டாம்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. பாம்பின் சீற்றம் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. தன் சீற்றமே தனக்குச் சரியாகக் கேட்காது! கரிசல் காட்டுக் கல்லிடுக்கில் கிடக்கும் சுருட்டை விரியன் சீறுவதுகூட இல்லை. உடலை மடித்து மடித்து, பக்கவாட்டுச் செதில்களின் ரம்பப் பற்களை ஒன்றோடொன்று உரசுகிறது. அந்த ‘சர்ர்’ முழுக்க எதிராளியின் காதுக்கானது.

இருட்டில் கம்பைத் தட்டிக்கொண்டு நடந்தால் சாரை ஓடிவிடும். ஆனால் விரியன்கள் மண்ணோடு மண்ணாகப் பதுங்கிக் கிடப்பதையே நம்புகிறவை. அதிர்வு தெரிந்தாலும் நகராமல் இருந்துவிடலாம். கம்போடு டார்ச்சும் வேண்டும்.