உங்களுக்குத் தெரியுமா? ஓசூர் மேட்டில் பெட்ரோல் கணக்கு மாறும்!

கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். ஓசூர் ஏறக்குறைய 900. சூளகிரி வழியாக ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம், ஆனால் அதற்குள் காற்றின் அடர்த்தி சுமார் 4 சதவீதம் குறைந்துவிடும். கார்புரேட்டர் கார் இதை அறியாமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். இன்ஜெக்‌ஷன் காரில் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), காற்றழுத்த சென்சாரைப் பார்த்து இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. எல்லாம் மில்லி விநாடிக் கணக்கு!

இந்த இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே கப்ளர் போட்டு உட்கார வைத்து, பெட்ரோலை நாம் கூட்டவோ குறைக்கவோ உதவுவதுதான் 'பிக்கிபேக்' ஃபியூயல் கன்ட்ரோலர். ஓசூருக்குப் பக்கத்திலேயே, பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனம் 'பவர்ட்ரானிக்' என்ற பெயரில் இதைத் தயாரிக்கிறது.

பொருத்துவது எளிது, ட்யூனிங்தான் வித்தை. சுத்தமான பெட்ரோல் 1 கிராம் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் சுமார் 13.5 கிராம் போதும். நிதானமாக ஓட்டும்போது நாம் பெட்ரோலைக் கூட்டினாலும் குறைத்தாலும், சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் காட்டிக்கொடுத்துவிடும். இசியு பழையபடி திருத்திவிடும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது இந்தத் திருத்தம் நடக்காது; அப்போதுதான் ட்யூனிங் பேசும். காரை டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் உருளை மேடையில்) ஏற்றி, காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்தே அதைச் செய்ய வேண்டும். காதால் கேட்டு, குத்துமதிப்பாகச் செய்வது ஆபத்து: அந்த நிலையில் பெட்ரோல் குறைந்தால் 'நாக்கிங்' (சிலிண்டருக்குள் கட்டுப்பாடற்ற வெடிப்பு) வந்து பிஸ்டன் தலையே உருகிவிடக்கூடும்.